மேட்டில் காலி, பள்ளத்தில் பாதி

பாதித் தொட்டி பெட்ரோல் இருந்த காரை நடுமலையில் நிறுத்திவிட்டு, கையில் தகர டின்னோடு பெட்ரோல் வாங்க நடந்து போன ஆள் நான். இதை எங்கேயும் எழுதக் கூடாது என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். ஆனால் கேமரன் மலையில் அப்போது என்னோடு இருந்தவர்கள் எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல டின் பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசியாகக் கேட்டபோது அது ஒரு டிரம் ஆகிவிட்டிருந்தது. அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது. அது சின்ன டின்தான்.

எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே தள்ளி மேட்டில் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். துரைக்குக் கீழே, கங்காணிக்கு மேலே, இரண்டு பேருக்கும் பயந்துகொண்டு இருக்கிற இடம். அந்த உத்தியோகத்துக்குக் கார் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வாங்கினேன். பழைய ஆங்கிலக் கார். எனக்கு முன்னால் எத்தனை பேர் கையில் இருந்ததென்று அதற்கே நினைவிருக்காது. காரோடு ஒரு பழுது பார்க்கும் கையேடும் வந்தது. காரைவிடக் கையேடு நல்ல நிலையில் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது அதற்குக் காரணம். நான் திறந்தேன். அச்சடித்த எதைக் கண்டாலும் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

எங்கள் எஸ்டேட்டில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே வழக்கம்: காரின் மூக்கைப் பள்ளத்துக்குக் காட்டித்தான் நிறுத்துவோம். மலைக் குளிரில் பழைய பேட்டரி காலையில் கண் திறக்காது. மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தால் ஹேண்ட்பிரேக்கை விட்டதும் கார் தானாக உருளும். கொஞ்ச தூரம் உருண்டதும் கியரைப் போட்டு கிளட்சை விட்டால், இஞ்சின் இருமிக்கொண்டே எழுந்துவிடும். மூக்கை மேட்டுக்குக் காட்டி ஒரு கார் நின்றால், கோலாலம்பூரிலிருந்து யாருக்கோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். என் வீட்டு வாசல் பாதை இதற்கென்றே வெட்டியது மாதிரி நல்ல சரிவு. அந்தச் சரிவில் உட்கார்ந்தபடிதான் தினமும் சாவியைத் திருப்பி, பெட்ரோல் மீட்டரைப் பார்ப்பேன்.

அந்த மீட்டர்தான் பிரச்சினை. வீட்டு வாசலில் முக்கால் தொட்டி என்று காட்டும். பிரிஞ்சாங்குக்குக் காய்கறி வாங்க ஏறினால், பாதி வழியில் முள் சரிந்து கால் தொட்டி என்று சொல்லும். பதறிப்போய் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு இறங்கினால், ரிங்லெட் வருவதற்குள் தொட்டி நிறைந்து வழிவதுபோல முள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். ஏறும்போது பிச்சைக்காரன், இறங்கும்போது முதலாளி.

கையேட்டைப் புரட்டினேன். முள் எப்போதும் காலி என்றே காட்டினால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது தொட்டிக்குள் இருக்கும் மிதவை ஓட்டையாகி மூழ்கிவிட்டது. எப்போதும் நிறைவு என்றே காட்டினால் ஒயர் எங்கோ காரின் உடம்பில் படுகிறது. இரண்டும் மாறி மாறி வந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. எழுதியவர் தட்டையான ஊரில் இருந்துகொண்டு எழுதியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு நோயும் ஒரே சமயத்தில் கண்ட அபூர்வமான கேஸ் என் கையில் கிடைத்திருக்கிறது என்றுதான் தோன்றியது. உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

இந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. கல்யாணத்துக்கு முன்னாலேயே பரீட்சை எழுதிப் பாஸ் செய்து வைத்திருந்தாள். முதல் தடவை அழைத்தபோது வயிற்றில் பிள்ளை. அடுத்த தடவை மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் வேறு கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தானா ராத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், காலை பத்து மணிக்கு நேர்காணல்.

"நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றாள்.

"வீட்ல காடி நிக்குது, நீ பஸ்ஸுல போவியா?"

"நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்களே. அதான் பயமா இருக்கு."

"மீட்டர் மட்டும்தான் கோளாறு. அத நான் சரி பண்ணிடுறேன்."

"மீட்டரு எப்படிப் போனா என்னா? எண்ணெய ரொப்பிக்கிட்டா ஓடாதா?"

ஓடும்தான். ஆனால் பிரச்சினைக்கு அது விடை இல்லையே என்று அவளுக்கு விளக்கினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்த விதத்திலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

நேர்காணலுக்கு முதல் நாள் ஞாயிறு. காலையிலேயே வேலையை ஆரம்பித்தேன். உதவிக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் வந்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனங்களின் எல்லா வியாதிக்கும் ஒரே கலரில் ஒரு மருந்து கொடுப்பவர். அவர் மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டி, காது வைத்துக் கேட்டார்.

"டேங்குல காத்து நிக்குது, கிராணி."

"பெட்ரோல் டேங்குல காத்து எப்படி நிக்கும்?"

"மனுசன் வயித்துலயே நிக்குது. இதுல நிக்காதா?"

கையேட்டில் சொன்னபடி காரின் பின்பக்க மூடியைத் திறந்து, தொட்டியின் மேல் இருந்த ஒயரைக் கழற்றிக் காரின் உடம்பில் தொடச் சொன்னேன். டிரசர் தொட்டார். நான் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். முள் கடைசி வரைக்கும் ஏறியது. எடுக்கச் சொன்னேன். விழுந்தது. ஆகவே மீட்டர் நல்ல மீட்டர், ஒயரும் நல்ல ஒயர். குற்றவாளி தொட்டிக்குள் ஒளிந்திருக்கிறான்.

தொட்டியைக் காலி செய்து பெட்ரோலை டின்களில் பிடித்து வைத்தோம். மிதவையை வெளியே எடுக்கும்போது டிரசர் சுருட்டை எங்கே வைத்தார் என்று நான் கேட்டேன். அவரும் தேடினார். அதைப் பார்த்த என் மனைவி வாளியில் மணலை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். சுருட்டு அவர் காதில் இருந்தது, அணைந்து.

மிதவை என்பது வளைந்த கம்பி ஒன்றின் நுனியில் இருக்கும் சின்ன உலோக உருண்டை. குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சத்தம் இல்லை, ஓட்டை இல்லை. ஒன்றுமே கெட்டுப்போகவில்லை. ஒன்றும் கெடாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போன்ற சங்கடம் வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிருக்கிறது, மனைவி வாளியோடு நிற்கிறாள், ஏதாவது கெட்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மிதவையைத் திரும்ப மாட்டினேன். சரியாகப் பாதித் தொட்டி அளவுக்குப் பெட்ரோலை அளந்து ஊற்றினேன். முன்னால் போய்ப் பார்த்தேன். முள் முக்கால் என்றது. அகப்பட்டான் என்று நினைத்தேன். மறுபடியும் கழற்றி, கம்பியை இடுக்கியால் கொஞ்சம் வளைத்து மாட்டினேன். இன்னும் கொஞ்சம். சாயங்காலம் தேத்தண்ணி வரும்போது முள் அசையாமல் நட்ட நடுவில் நின்றது. பாதி பெட்ரோலுக்குப் பாதி. டிரசர் எனக்குக் கை கொடுத்தார். மீதிப் பெட்ரோலை அவருடைய காருக்கே ஊற்றிக்கொடுத்தேன். என் மீட்டர்தான் இனி நம்பத் தகுந்ததாயிற்றே, உபரி எதற்கு?

இவ்வளவும் நடந்தபோது கார் எங்கே நின்றது என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கே நிற்குமோ அங்கேதான் நின்றது. மூக்கைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு.

மறுநாள் காலையில் கிளம்பினோம். அவள் கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தாள். மடிப்பு கலையாமல் இருக்க, சீட்டில் துணி விரித்து அதன் மேல் உட்கார்ந்தாள். கார் உருண்டது, இருமியது, எழுந்தது. எஸ்டேட் பாதையில் ரிங்லெட்டுக்கு இறங்கும்வரை முள் நடுவிலேயே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் அதை அவளுக்குக் காட்டினேன்.

"ரோட்டப் பாருங்க" என்றாள்.

ரிங்லெட் தாண்டி, அணைக்கட்டு ஏரியைத் தாண்டி, தானா ராத்தாவுக்கு ஏற ஆரம்பித்தோம். முள் கீழே சாய்ந்தது. முதல் ஏற்றத்தில் கால், அடுத்ததில் அதற்கும் கீழே. தேயிலைச் சரிவை ஒட்டி ரோடு செங்குத்தாகத் திரும்புகிற இடத்தில், முள் காலி என்கிற கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

நேற்றுவரை இதைப் பார்த்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்து ஓட்டியிருப்பேன். ஆனால் இன்று அது நான் கையால் திருத்திய மீட்டர். அது பொய் சொல்லாது. வீட்டில் பாதி, இங்கே காலி என்றால், நடுவில் பெட்ரோல் எங்கேயோ கொட்டியிருக்கிறது. நேற்றுக் கழற்றி மாட்டிய இடத்தில் ஒழுகுகிறது. அதோடு கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது: தொட்டியை வற்றும்வரை ஓட்டக் கூடாது, அடியில் இருக்கும் கசடு இஞ்சினுக்குப் போய்விடும். நான் காரை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தேன்.

"ஏன் நிறுத்துறீங்க?"

"எண்ணெ முடிஞ்சிருச்சி."

"ஓடிக்கிட்டுதானே இருந்திச்சி?"

"ஓடுறது வேற. எண்ணெ இருக்கிறது வேற."

இந்த வாக்கியத்தை இன்றுவரை அவள் மறக்கவில்லை. எந்தப் பேச்சுக்கும் பொருத்தமாக எடுத்துப் போடுகிறாள்.

இறங்கிப் போய்க் காருக்கு அடியில் முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. சந்தேகமே இல்லை, லீக்தான். அது நேற்றிலிருந்து என் கையிலேயே இருந்த வாடை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நின்றாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு வண்டி ஏதாவது வருகிறதா என்று கீழே பார்த்தாள். பஸ் எங்களைக் கடந்து போய் ரொம்ப நேரமாகியிருந்தது. நான்தான் அதை முந்திக்கொண்டு போக விடாமல் ஹாரன் அடித்து, பிறகு பெருந்தன்மையாக வழி விட்டிருந்தேன்.

அப்போது கீழேயிருந்து ஒரு லோரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. லோரிக்கு முன்னால் அதன் வாடை வந்தது. கியா பார்ம் பக்கம் காய்கறித் தோட்டங்களுக்குக் கோழி எரு ஏற்றிப் போகிற லோரி. ஓட்டி வந்தவர் நம்ம ஆள். சொந்தமாக முட்டைக்கோஸ் பயிர் போடுகிறவராம். தலையை வெளியே நீட்டினார்.

"என்னாண்ணே, காடி சூடாயிடுச்சா?"

"எண்ணெ முடிஞ்சிருச்சி."

"அக்கா எங்க போவணும்?"

"தானா ராத்தா. இண்டர்வியூ" என்றாள் அவள். எனக்கு முன்னால்.

"ஏறுங்கக்கா. நாத்தமெல்லாம் பின்னாலதான். முன்னால சாமி படம், ஊதுபத்தி எல்லாம் இருக்கு."

அவள் சீட்டில் விரித்திருந்த துணியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். சேலை மடிப்பைப் பற்றிய கவலை அவள் முகத்தில் தெரியவில்லை. லோரிக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் வாங்கண்ணே, இடம் இருக்கு."

"காடிய விட்டுட்டு எப்படி வர்றது? யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"எண்ணெ இல்லாத காடிய எவன்ணே எடுப்பான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறிப் போனார். எரு கொஞ்சம் என் பக்கமாகச் சிந்தியது.

டின்னை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்கு இறங்கி நடந்தேன். அங்கே ஒரு மளிகைக் கடையில் பெட்ரோலை டின்னில் விற்பார்கள். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் லீக் என்று சொன்னேன். திரும்பி வரும்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஏற்றிக்கொண்டார். டின்னை ஊற்றினேன். சாவியைத் திருப்பினேன். முள் ஒரு மயிரிழை அசைந்தது. காலிதான். ஊற்றியதும் ஒழுகிவிட்டது போலும் என்று மறுபடியும் குனிந்து பார்த்தேன். கீழே தரை காய்ந்து கிடந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். பேட்டரி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக மூக்கை மேட்டுக்குக் காட்டிக் காரை நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தள்ளினாலும் உருளாது. பக்கத்துத் தேயிலைச் சரிவில் ஒரு கும்பல் செடிகளைக் கத்தியால் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தது. கங்காணியைக் கூப்பிட்டேன். ஆட்களோடு இறங்கி வந்தார்.

"காடியத் திருப்பி விடணும், கங்காணி. எறக்கத்துல விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

"எதுக்கு நிறுத்துனீங்க?"

"எண்ணெ தீந்துபோச்சி. இப்பதான் ஒரு டின் ஊத்துனேன்."

நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். அவர்கள் முன்னும் பின்னுமாகத் தள்ளி, ரோட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்தார்கள். சாவி போட்டபடியே இருந்தது. கார் குறுக்கே வந்தபோது முள் மெல்ல எழுந்தது. கால் தொட்டி. அவர்கள் இன்னும் தள்ளினார்கள். மூக்கு பள்ளத்தைப் பார்த்துச் சாயச் சாய, முள் அவசரமே இல்லாமல் ஏறி, நடுவைத் தாண்டி நின்றது. பாதி, அதற்கு மேல் நான் ஊற்றிய ஒரு டின்.

கங்காணி ஜன்னல் வழியாகத் தலையை விட்டு மீட்டரைப் பார்த்தார். பிறகு என் காலடியில் கிடந்த டின்னைப் பார்த்தார்.

"இந்த டின்னுலதான் வாங்கியாந்தீங்களா?"

"ஆமா."

"நல்ல எண்ணெதான். எந்தக் கடைங்க கிராணி?"

பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்துத் தடுமாறி, காரை விட்டுவிட்டார். கார் உருண்டது, இருமியது, எழுந்தது. தானா ராத்தாவுக்கு எதிர்த் திசையில் நான் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்சம் அகலமான இடம் பார்த்துத் திருப்பி, அதே கும்பலைக் கடந்துதான் மறுபடி ஏற வேண்டியிருந்தது. கத்தியை உயர்த்தி வழியனுப்பினார்கள். முள் மறுபடி காலிக்குப் போனது. நான் அதன் முகத்தில் விழிக்கவில்லை.

தானா ராத்தா போய்ச் சேர்ந்தபோது அவள் நேர்காணல் முடிந்து, கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதற்கும் பக்கத்து மேசையும்.

"நேரத்துக்குப் போனியா?"

"பத்துக்கு முன்னாலயே போயிட்டேன். எப்படி வந்தீங்கன்னு கேட்டாங்க. கோழி எரு லோரியிலன்னு சொன்னேன். வீட்டுக்காரர் கூட வரலியான்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்னே?"

"வந்துக்கிட்டே இருக்காருன்னு சொன்னேன்."

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு விளக்கினேன். மிதவை தொட்டியின் முன் பக்கத்தில் இருக்கிறது. பள்ளத்தைப் பார்த்தால் பெட்ரோல் முன்னால் வந்து சேர்கிறது, மிதவை உயர்கிறது. மேட்டைப் பார்த்தால் பெட்ரோல் பின்னால் போகிறது, மிதவை இறங்குகிறது. சமதரையில் அது சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நான்தான் சரிவில் நிறுத்தி வைத்து வளைத்துவிட்டேன். கெட்டுப்போனது மீட்டர் இல்லை. மீட்டரில் ஒரு தப்பும் கிடையாது, ஆரம்பத்திலிருந்தே. இதை நான் பல தடவை, பல விதமாகச் சொன்னேன். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையைத் தொட்டியாக வைத்துச் சாய்த்தும் காட்டினேன்.

"ரோட்டப் பாருங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு கம்பியை நிமிர்த்தச் சமதரை தேடினேன். எங்கள் எஸ்டேட்டில் சமமாக இருந்தது கால்பந்துத் திடல் ஒன்றுதான். அங்கே காரை நிறுத்தி வேலையை முடித்தேன். மீட்டர் பழையபடி ஆனது. ஏறும்போது பிச்சைக்காரன், இறங்கும்போது முதலாளி. உண்மை பேச அதற்குத் திடல் வேண்டும். டயர் தடத்தைப் பார்த்துவிட்டு, கோல் போஸ்ட்டுக்குள் யார் கார் ஓட்டியது என்று துரை ஆபீசில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கணக்கைப் பார்த்தேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அதைச் சொன்ன அன்று அவள் சமையலறையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். நான் வாசலில் போய்க் காரைத் துடைத்தேன்.

சில மாதம் கழித்துப் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக அழைத்துப் போனார். அன்று நேர்காணல் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

"ஒங்க வீட்டம்மாவ வேலைக்கு எடுத்ததுக்கு என்னா காரணம் தெரியுமா, கிராணியாரே? அன்னிக்கிக் காடியில வந்தவங்க எல்லாம் லேட்டு. ஒருத்தருக்கு டயரு, ஒருத்தருக்குப் பேட்டரி. இவங்க கோழி எரு லோரியில ஏறி நேரத்துக்கு வந்து நின்னாங்க. மழையோ மண் சரிவோ, இந்தம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்துரும்னு எல்லாருக்கும் தோணிப்போச்சி."

வீட்டுக்கு வந்ததும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. இத்தனை மாத அவமானத்துக்கும் ஒரு அர்த்தம் கிடைத்த மாதிரி இருந்தது. அவள் மேசையில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "யோசிச்சிப் பாரு, அன்னிக்கி என் மீட்டரு கெட்டுப்போனதாலதானே ஒனக்கு இந்த வேலை" என்றேன்.

அவள் நோட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"மீட்டரு கெடவே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.